தோட்டத்தில் யார் பிள்ளை விளையாடலாம்?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சண்டை வர மூன்று காரணங்கள் போதும்: தண்ணீர், வண்டி நிறுத்துமிடம், பிள்ளைகளின் விளையாட்டு. முதல் இரண்டையும் கணக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம். இந்த வாரம் லாரித் தண்ணீர் எத்தனை லோடு, யாருக்கு எந்தக் கட்டத்தில் வண்டி என்று எழுதி ஒட்டினால் பாதிச் சண்டை அடங்கிவிடும். மூன்றாவது அப்படி அடங்குவதில்லை. ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் விளையாட வருவதில்லை. பந்தும் எல்லை பார்த்து உருள்வதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்தச் சண்டையில் நாம் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறோமா, சாதியைப் பற்றிப் பேசுகிறோமா என்பது பேசுகிறவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை.

"அக்கம்பக்கத்துச் சண்டை, இதிலென்ன அரசியல்?" என்று கேட்கத் தோன்றலாம். கிராமத்தில் சாதியை அடையாளம் காண நமக்குத் தெரியும். தேர் எந்தத் தெரு வரை வருகிறது, சுடுகாட்டுக்கு எந்தப் பாதை, டீக்கடையில் எந்தக் குவளை என்று பார்த்தாலே போதும். நகரத்துக்கு வந்ததும் நம் கண் மங்கிவிடுகிறது. இங்கே சாதி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "வெஜிடேரியனுக்கு மட்டும்" என்ற வாடகை விளம்பரமாக வருகிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஏறக் கூடாத லிஃப்டாக வருகிறது. "வெளிப் பசங்க உள்ளே வரக் கூடாது" என்ற பலகையாகத் தோட்டத்து வாசலில் நிற்கிறது. இந்தப் பலகையைப் பற்றித்தான் பேச வேண்டும். நம்மில் பலர் இன்று இப்படிப்பட்ட குடியிருப்புகளில் வாடகைக்கோ, கடனில் வாங்கிய வீட்டிலோ இருக்கிறோம். நாளை மாலை ஆறு மணிக்கு இந்தச் சண்டை நம் பால்கனிக்குக் கீழேயே நடக்கும்.

இரண்டு சண்டைகள், ஒரே கூச்சல்

சத்தம் பற்றிய புகாரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை எடுத்த எடுப்பிலேயே 'குழந்தைகளை வெறுக்கிறார்கள்' என்று தள்ளிவிடக் கூடாது. இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுக்கும் செவிலியர் இருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து வந்த தாத்தா இருக்கிறார். அப்போதுதான் கண்ணயர்ந்த கைக்குழந்தையும், மறுநாள் தேர்வு எழுதும் மாணவியும் இருக்கிறார்கள். கீழ்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் வாரம் இரண்டு முறை பந்து விழுந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். உழைத்து ஓய்ந்த உடம்புக்குத் தூக்கம் கேட்பது ஆதிக்கம் ஆகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையை இரவு நேரம் என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. பிள்ளைகளின் சிரிப்பை அளப்பதற்காக எழுதப்பட்ட விதிகள் அல்ல அவை. ஆனாலும் அமைதி என்பது ஒருவரின் வீம்பு அல்ல, எல்லோருக்கும் உரிய ஒன்று என்பதை அவை ஒப்புக்கொள்கின்றன.

அதே கூச்சலுக்குள் இன்னொரு சண்டை ஒளிந்திருக்கிறது. அதன் மொழியைக் கவனியுங்கள். "நம்ம பிள்ளைங்க அவங்ககிட்ட இருந்து கெட்ட வார்த்தை கத்துக்கிறாங்க." "யார் யாரோ உள்ளே வர்றாங்க சார், சேஃப்டி முக்கியம்." "இது டீசன்ட்டான கம்யூனிட்டி." "நாங்க மெயின்டெனன்ஸ் கட்டுறோம், அவங்க கட்டுறாங்களா?" இந்த வாக்கியங்களில் நேரமும் இல்லை, டெசிபலும் இல்லை, உடைந்த கண்ணாடியும் இல்லை. ஒரு பிள்ளை என்ன செய்தது என்று இவை சொல்வதே இல்லை. அந்தப் பிள்ளை யார் என்பதுதான் இவற்றுக்குப் பிரச்சினை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, இதே செயலைச் சங்கச் செயலாளரின் பேரன் செய்திருந்தால் இந்தப் புகார் வந்திருக்குமா? இரண்டு, விளையாடும் நேரத்தையோ இடத்தையோ மாற்றினால் இந்தப் புகார் தீருமா? மூன்று, கேட்கப்படும் தீர்வு ஒரு செயலுக்குக் கட்டுப்பாடா, ஒரு மனிதருக்குத் தடையா? 'ஏழு மணிக்கு மேல் பந்து வேண்டாம்' என்பது செயலுக்குக் கட்டுப்பாடு. 'வாட்ச்மேன் பிள்ளை வேண்டாம்' என்பது தடை. முதலாவதைப் பேசித் தீர்க்கலாம். இரண்டாவதில் பேரம் பேசவே இடமில்லை.

எங்கள் குடியிருப்பில் நடந்தது

சென்னைப் புறநகரில் நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில் அறுபது வீடுகளுக்கு மேல் உண்டு. நடுவில் ஒரு தோட்டம்: நான்கு வேப்பமரம், ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், காய்ந்த புல்தரை. அங்கே விளையாடும் பிள்ளைகளில் வீட்டு உரிமையாளர்களின் பிள்ளைகள் உண்டு, எங்களைப் போன்ற வாடகைக்காரர்களின் பிள்ளைகள் உண்டு. வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகளும், காவலாளியின் இரண்டு பையன்களும் உண்டு. கோடை விடுமுறையில் தரைத்தளத்து அம்மா ஒருவர் புகார் கொடுத்தார். மதிய நேரத்தில் படுக்க முடியவில்லை, ஜன்னலில் பந்து விழுகிறது என்றார். உண்மையான புகார்தான். அடுத்த வாரமே தோட்டத்து வாசலில் பலகை வந்தது: 'குடியிருப்போரின் குழந்தைகளுக்கு மட்டும்.'

அந்த அம்மாவிடம் இரண்டு மூன்று பேர் நேரில் போய்ப் பேசினோம். காபி கொடுத்தார். "எனக்கு ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் விட்டாப் போதும்பா, அப்புறம் எவ்வளவு வேணா ஆடட்டும். சத்தமே இல்லைன்னாலும் பயமா இருக்கு" என்றார். பிள்ளைகளிடம் சொன்னோம். மதியம் இரண்டு மணி நேரம் தாயமும் கேரமும், மாலையில் ஓட்டமும் ஆட்டமும் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஜன்னல் பக்கம் ஸ்டம்ப் வைப்பதில்லை என்று முடிவெடுத்ததும் அவர்கள்தான். நான்கு நாளில் புகார் தீர்ந்தது. பலகை மட்டும் அப்படியே நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். புகார் கொடுத்தவருக்கே அந்தப் பலகை தேவைப்படவில்லை. சத்தத்தைக் காரணம் காட்டி வந்த பலகை, சத்தம் தீர்ந்த பிறகும் போகவில்லை என்றால் அது சத்தத்துக்காக வந்ததல்ல. சங்கத்தில் கேட்டபோது பதில் மாறியது. முதலில் பாதுகாப்பு என்றார்கள். பிறகு ஊஞ்சல் தேய்மானம் என்றார்கள். கடைசியில் ஒருவர், "இன்னைக்கு விளையாட விட்டா நாளைக்கு வீட்டுக்குள்ள வரும்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் நேர்மையாக இருந்தது.

அவர் பயம் சரியானது. பிள்ளைகளின் விளையாட்டில் அதற்கான சாத்தியம் இருக்கத்தான் செய்கிறது. ஓடிப்பிடித்து விளையாடும்போது என்ன விதி? தொட்டால்தான் அவுட். கபடியில் தொட வேண்டும், கோகோவில் முதுகில் தட்ட வேண்டும், கண்ணாமூச்சியில் கண்ணைப் பொத்த வேண்டும். தீண்டாமையின் மேல் கட்டப்பட்ட ஒரு சமூகத்தில் 'தொடு' என்பதையே விதியாக வைத்திருப்பது பிள்ளைகளின் விளையாட்டு. யார் யாரைத் தொடலாம் என்று பெரியவர்கள் நூற்றாண்டுகளாகப் போட்ட பட்டியலைப் பிள்ளைகள் மாலை ஆறு மணிக்குள் குழப்பிவிடுகிறார்கள். அதனால்தான் சாதி தன் முதல் காவலை விளையாட்டுத் திடலில் வைக்கிறது. 'அவங்க கூடச் சேராதே' என்பதை நாம் முதலில் கேட்டது கல்யாண வயதில் அல்ல. ஐந்து வயதில், விளையாடப் போகும்போதுதான்.

'பொது' என்ற சொல்லுக்காக நடந்த போராட்டம்

'காமன் ஏரியா' என்று எல்லாக் குடியிருப்பிலும் சொல்கிறார்கள். அந்தப் 'பொது' சும்மா வந்ததல்ல. ஊர்ப் பொதுக்கிணறு, ஊர்ப் பொதுக்குளம், ஊர்ப் பொதுப்பாதை என்று சொன்னபோதெல்லாம் அந்தப் பொதுவில் சேரி இருந்ததே இல்லை. அதை மாற்றச் சட்டமன்றத்திலும் தெருவிலும் போராட வேண்டியிருந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடங்கள் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடை கூடாது என்பது அதன் சாரம். அதே 1924இல்தான் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்றார். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அந்தக் குளத்தை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி முன்பே சொல்லியிருந்தது. காகிதத்தில் இருந்த பொதுவைக் கையால் தொட்டு உண்மையாக்க வேண்டியிருந்தது.

தோட்டம் என்றதும் அம்பேத்கரின் வாழ்க்கையில் இன்னொரு நாளும் நினைவுக்கு வர வேண்டும். 1917இல், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அவர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நகரத்தில் அவருக்கு வீடு கொடுக்க ஆளில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நண்பர்களும் வீடு தரத் தயங்கினார்கள். பம்பாய் ரயிலுக்குக் காத்திருந்த அந்த மணி நேரங்களை அவர் கழித்தது காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில். கொலம்பியாவில் படித்த அறிஞருக்கு அந்த நகரத்தில் உட்கார மிஞ்சியது ஒரு பூங்கா மட்டும்தான். அந்த இடத்தை இன்று சங்கல்ப பூமி என்று போற்றுகிறார்கள். எந்த வீடும் ஏற்காதவரையும் ஏற்க வேண்டிய இடம் பொதுத் தோட்டம். அதற்கும் வாசலில் பலகை வைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இந்த வரலாறுதான் அரசியலமைப்பின் 15(2) பிரிவில் வந்து நிற்கிறது. அரசு நிதியில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணறு, குளம், சாலை, பொது இடம் எதிலும் சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஒரு பகுதியின் பொதுச் சொத்துகளைப் பிறரைப் போலப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றமாக வரையறுக்கிறது.

ஆனால் தனியார் மதிலுக்குள் சட்டம் தடுமாறுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2005இல் குஜராத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தொடர்பான வழக்கில், தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் அதன் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடிப்படை உரிமைகளை அரசுக்கு எதிராகக் கேட்பதுபோல் ஒரு சங்கத்துக்கு எதிராகக் கேட்க முடியாது என்ற நிலைக்கு அது கொண்டுவிட்டது. அதனால்தான் குடியிருப்புக்குள் நடக்கும் சண்டையில் நீதிமன்றத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முக்கியமாகிறார்கள்.

அது உண்மையில் யாருடைய தோட்டம்?

சட்டம் பேசுகிறவர்களிடம் ஒரு ஆவணத்தைக் கேளுங்கள்: குடியிருப்பின் அனுமதி வரைபடம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுமானம் நடந்தால், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் ஒதுக்க முடியாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். பெரிய குடியிருப்புகளில் 'எங்கள் பூங்கா' என்று மதில் எழுப்பி வைத்திருப்பது பல இடங்களில் இப்படிப்பட்ட நிலமாக இருக்கும். அது சங்கத்தின் சொத்து அல்ல. மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ உள்ள மக்கள் சொத்து. அங்கே பலகை வைக்கச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. உங்கள் குடியிருப்பின் தோட்டம் எது என்று வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது என்று 1991இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் உண்மையிலேயே குடியிருப்புக்குச் சொந்தமானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது செயலாளருக்குச் சொந்தமல்ல. ஒவ்வொரு வீட்டுப் பத்திரத்திலும் மனையில் பிரிக்கப்படாத பங்கு என்று ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2022இல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் பொதுப்பகுதியை எல்லா உரிமையாளருக்கும் பொதுவானதாகவே வைக்கிறது. 'பிரிக்கப்படாத' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். இந்த வேப்பமரம் என்னுடையது, அந்தப் புல்தரை உன்னுடையது என்று யாரும் பிரிக்க முடியாது. அப்படியிருக்க, நான்கு பேர் கூடி எல்லோர் சார்பிலும் ஒரு பிள்ளையைத் துரத்துவது எந்த உரிமையில்? பொதுக்குழு கூடியதா, தீர்மானம் போட்டதா, பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல பலகைகள் அந்தக் கேள்வியிலேயே ஆடிப்போகும்.

விளையாடுவது பிள்ளைகளின் உரிமை என்பதும் யாரோ போகிற போக்கில் சொன்னதல்ல. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அங்கே 'மெயின்டெனன்ஸ் கட்டும் பெற்றோரின் குழந்தை' என்று எழுதவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. லண்டனில் லாம்பெத் பகுதியில் பெய்லிஸ் ஓல்டு ஸ்கூல் என்ற குடியிருப்பு வளாகத்தில், விலை கொடுத்து வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடம் இருந்தது. சமூக வீட்டுவசதித் திட்டத்தில் குடியிருந்தவர்களின் பிள்ளைகள் அதற்குள் நுழைய முடியாதபடி தடுப்பு வைத்திருந்தார்கள். 2019இல் செய்தி வெளிவந்தபோது இரண்டு பக்கத்துப் பெற்றோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். தடுப்பு விலகியது. 2021ஆம் ஆண்டின் லண்டன் பெருந்திட்டம், விளையாட்டிடத்தை வீட்டு உரிமையின் தன்மையை வைத்துப் பிரிக்கக் கூடாது என்று கொள்கையாகவே எழுதியது. அங்கே வர்க்கம் போட்ட வேலி, இங்கே சாதியும் வர்க்கமும் சேர்ந்து போடும் வேலி. அந்தச் செய்தியில் நமக்குப் பாடம் ஒன்று உண்டு. வேலிக்கு உள்ளே இருந்தவர்களும் 'எங்கள் பிள்ளைக்கு இந்த வேலி வேண்டாம்' என்று சொன்னார்கள்.

நம் ஊர் வேலிகளின் விலை இன்னும் கொடியது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் ஊரைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008இல்தான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மக்கள் தீண்டாமைச் சுவர் என்று சொன்ன ஒரு மதில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் சரிந்து 17 உயிர்களைப் பறித்தது. பலியானவர்களில் குழந்தைகளும் உண்டு. தோட்டத்துப் பலகையும் நடூர் மதிலும் ஒரே அளவு கொடுமை என்று யாரும் சொல்லவில்லை. 'அவர்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது' என்ற எண்ணம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று சொல்கிறோம்.

சண்டையை எப்படி நடத்துவது?

கொள்கை சரி, நாளை மாலை என்ன செய்வது? எங்கள் அனுபவத்திலிருந்து சில.

முதலில், வாட்ஸ்அப் குழுவில் தொடங்காதீர்கள். அங்கே எல்லோரும் பார்வையாளர்களுக்காகப் பேசுவார்கள். இரண்டு பேர் நேரில் போய், புகார் கொடுத்தவரின் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். என்ன நேரம், எந்த இடம், என்ன செயல் என்று கேளுங்கள். நியாயமான குறையாக இருந்தால் அதை முழு மனதோடு தீர்த்துக் கொடுங்கள். அது தந்திரம் அல்ல, கடமை. நியாயமான குறையை நாம் அலட்சியப்படுத்தினால் அதைச் சாதி தத்தெடுத்துக்கொள்ளும். எங்கள் தரைத்தளத்து அம்மாவுக்கு மதியத் தூக்கம் உறுதியான பிறகு, அவர் பெயரைச் சொல்லிப் பலகை வைக்க யாராலும் முடியவில்லை.

யாராவது பிள்ளைகளைப் படம்பிடித்துக் குழுவில் போட்டு 'இது யார் வீட்டுப் பையன்?' என்று கேட்டால், உடனே நீக்கச் சொல்லுங்கள். அது புகார் அல்ல, ஒரு குழந்தையைப் பிடித்துச் சந்தியில் நிறுத்துவது.

விதி போடும்போது பிள்ளைகளை உட்கார வையுங்கள். பெரியவர்கள் போட்ட விதியை மீறத்தான் அவர்களுக்குத் தோன்றும். தாங்களே போட்ட விதிக்குத் தாங்களே காவல் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் காவலாளியின் பிள்ளையும் பாயில் சமமாக உட்கார வேண்டும். பெண் பிள்ளைகளின் பேச்சைத் தனியாகக் கேளுங்கள். கிரிக்கெட் ஆடும் பையன்கள் மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்வதால் ஓரத்தில் நிற்கும் சிறுமிகள் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். பொது இடம் என்றால் அவர்களுக்கும் பொது.

போடும் விதியில் நேரமும் செயலும் மட்டும் இருக்கட்டும், மனிதர் இருக்கக் கூடாது. 'மதியம் 2 முதல் 4 வரை பந்து விளையாட்டு இல்லை' என்று எழுதலாம். அதைச் செயலாளரின் பேரன் மீறினாலும் இஸ்திரிக்காரரின் மகள் மீறினாலும் ஒரே பதில்தான். பிள்ளைக்குப் பிள்ளை மாறினால் அது விதியே அல்ல.

"மெயின்டெனன்ஸ் கட்டாதவர்கள்" என்ற வாதத்துக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்தைக் கூட்டுகிறவரின், வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பவரின், நம் சட்டையைத் தேய்க்கிறவரின் உழைப்பில்தான் அந்தப் பராமரிப்பே நடக்கிறது. நாம் கட்டுவது காசு. அவர்கள் கட்டுவது உடம்பு. அவர்கள் கூட்டிய தோட்டத்தில் அவர்கள் பிள்ளை ஆடக் கூடாது என்பதற்கு மெயின்டெனன்ஸ் என்ற ஆங்கிலப் பெயர் தேவையில்லை. அதற்கு நம் ஊரில் பழைய பெயரே இருக்கிறது.

இனி, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று. இந்தப் போராட்டத்தில் அந்தப் பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள். காவலாளியின் வேலை ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறது. சங்கம் ஒரு போன் செய்தால் மறுநாள் அவர் வேறு ஊரில். இஸ்திரி வண்டி நிற்பதே சங்கத்தின் தயவில். "அண்ணா, நீங்க எதிர்த்துக் கேளுங்க, நாங்க பின்னாடி நிக்கிறோம்" என்று அவரிடம் போய்ச் சொல்வது முற்போக்கு அல்ல. அடி அவர் மேல் விழும், பெயர் நமக்கு வரும். கேள்வியை நம் பெயரில் கேட்க வேண்டும். "என் பிள்ளை யாரோடு விளையாட வேண்டும் என்று பலகை முடிவு செய்ய நான் சம்மதிக்கவில்லை" என்று உரிமையாளரும் வாடகைக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அந்தப் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டும்: அக்கா, நாங்கள் இப்படிப் பேசப் போகிறோம், உங்களுக்கு இடைஞ்சல் வருமா, எந்த அளவுக்குப் பேசலாம்? அவர் வேண்டாம் என்றால் அவர் பிள்ளையின் பெயர் எங்கேயும் வரக் கூடாது. பேச்சு முறிந்து, சாதி சொல்லி இழிவுபடுத்தும் நிலை வந்தால் சட்டம் இருக்கிறது. அந்த முடிவையும் பாதிக்கப்பட்டவர்தான் எடுக்க வேண்டும். துணை நிற்பதும் சாட்சி சொல்வதும் நம் வேலை.

எங்கள் குடியிருப்பில் உரிமையாளர்களும் வாடகைக்காரர்களுமாகப் பதினேழு வீட்டார் கையெழுத்துப் போட்டோம். பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பலகை போனது. அதோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. பலகை போன பிறகும் இஸ்திரிக்காரரின் மகள் ஒரு மாதம் தோட்டத்துக்குள் வரவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பலகையைப் படித்துப் புரிந்துகொண்டதை, அந்தப் பலகையைக் கழற்றுவதால் மட்டும் அழிக்க முடியாது. பிறகு பிள்ளைகள்தான் போய்க் கூப்பிட்டார்கள். ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது என்ற எளிய காரணம் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். அவர்களில் இருவர் மறுபடி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் இல்லை.

சமத்துவபுரங்களை 1990களின் இறுதியில் தமிழ்நாடு அரசு கட்டத் தொடங்கியபோது, நூறு வீடுகளில் நாற்பது தலித் மக்களுக்கு, மற்றவை பிற சமூகத்தாருக்கு என்று பிரித்து, எல்லோரையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்தார்கள். சேர்ந்து வாழ்வது தானாக நடக்காது, அதற்குத் திட்டமிட வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது. இன்று நகரத்தின் பெரும்பகுதியைக் கட்டுவது தனியார். அவர்களின் விற்பனைப் படத்தில் தோட்டம் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும். யாரெல்லாம் அதில் இருப்பார்கள் என்ற திட்டம் இருக்காது. அந்தத் திட்டத்தை நாம்தான் போட வேண்டும், சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து.

சங்கக் கூட்டங்களுக்கு இளைஞர்கள் போவதில்லை. சலிப்பாக இருக்கிறது, பெரியவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள் என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், பாதிப் பேர் எழுந்து போன பிறகு, 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில்தான் இப்படிப்பட்ட பலகைகளுக்கு ஒப்புதல் கிடைக்கிறது. அடுத்த கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டு வையுங்கள். வாடகைக்காரருக்கு ஓட்டு இல்லை என்று சொன்னாலும் போய் உட்காருங்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடம் வரை எழுந்திருக்காதீர்கள்.